எழுபது பேர் கேட்ட வழக்கு

பேய்க்கதைகளில் எனக்குப் பிடித்த இடம் சத்திரம். அது ஊருக்கு வெளியே ஆளில்லாத சாவடியாக இருக்கலாம், மூடிக்கிடக்கும் மதுக்கடையாக இருக்கலாம், பனியில் அடைபட்ட ஓட்டலாகவும் இருக்கலாம். 1980இல் வந்த ஸ்டான்லி கூப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தில், காலி ஓட்டலின் காலி பாரில் ஒருத்தன் போய் உட்கார்ந்ததும் எதிரே பார்டெண்டர் நிற்பானே, அந்த மாதிரி.

சத்திரத்துக்கும் பேய்க்கும் ஏன் இவ்வளவு பொருத்தம்? வீட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சத்திரத்தில் அப்படியில்லை. வந்தவன் யாரென்று ஊருக்குத் தெரியாது, ஊரில் முன்பு என்ன நடந்தது என்று வந்தவனுக்குத் தெரியாது. அவரவர் வாயால் சொல்வதை வைத்துத்தான் ஆளை எடைபோட வேண்டும். அதனால் இரவுத் தங்கலில் பேய் வரும் கதை எதுவானாலும், அது யார் பேச்சை நம்புவது என்கிற கதையும்தான்.

தமிழில் இந்த வகைக்கு நான் காட்டுவது பழையனூர் நீலியை. வழிப்போக்கன் இருக்கிறான், அந்நிய ஊர் இருக்கிறது, ஓர் இரவும் ஒரு பூட்டிய கதவும் இருக்கின்றன. ஆனால் நம்மில் பலருக்கு நீலியைக் கதையாகத் தெரியாது. ஒரு சொல்லாகத்தான் தெரியும். நீலிக்கண்ணீர். பொய்யாக அழுவது, அழுது ஏமாற்றுவது. அகராதியும் அதைத்தான் சொல்லும். அந்தச் சொல் ஒரு தீர்ப்பு என்பதும், அந்தத் தீர்ப்பு தப்பு என்பதும்தான் இந்தக் கட்டுரை.

*

தெரியாதவர்களுக்காகக் கதை. பல வடிவங்கள் உண்டு, நான் பொதுவாக உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவன் தன்னை நம்பி உடன் வந்த பெண்ணைக் காட்டில் வைத்துக் கொல்கிறான். வடக்கே சொல்லும்போது அவள் அவன் காசியில் கட்டிய இரண்டாம் மனைவி. தெற்கே சொல்லும்போது அவள் அவனை நம்பி வீட்டைவிட்டு வந்த தாசி, நகைக்காகக் கொல்லப்படுகிறாள். அடுத்த பிறவியில் அவன் வணிகன். அவள் பேய். பழி வாங்கக் காத்திருக்கிறாள். ஜோசியம் பார்த்த வீட்டார் அவன் கையில் மந்திரித்த ஓர் ஆயுதத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது கையில் இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது.

வணிகன் பழையனூர் வருகிறான். நீலி அழகான பெண்ணாக, இடுப்பில் குழந்தையோடு, பின்னாலேயே வருகிறாள். குழந்தை ஒரு கள்ளிக் கிளை. அவன் பயந்து ஓடி, ஊர்ச்சபையில் இருந்த எழுபது வேளாளர்களிடம் முறையிடுகிறான்: இவள் பெண்ணே இல்லை, பேய். அவள் அழுகிறாள்: இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுட்டு ஓடுகிறார். குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். அது நேராக அவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. சபைக்கு அது போதும். இன்று இரவு இருவரும் சேர்ந்து தங்குங்கள் என்கிறார்கள். அவள், 'கையில் ஆயுதம் வைத்திருக்கிறார், என்னைக் கொன்றுவிடுவார்' என்கிறாள். ஆயுதத்தை வாங்கிவிடுகிறார்கள். அவன் உயிருக்குப் பயந்து கெஞ்சும்போது எழுபது பேரும் ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள்: உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம்.

கதவு அடைக்கப்படுகிறது. விடியும்போது அவன் செத்துக்கிடக்கிறான். அவளைக் காணோம். எழுபது பேரும் தீ வளர்த்து அதில் இறங்குகிறார்கள்.

பழையனூர் கற்பனை ஊர் இல்லை. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவாலங்காடு. அதற்குப் பக்கத்திலேயே பழையனூர். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்தச் செப்பேடு பதிவுசெய்வதே இந்தப் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த கொடையைத்தான். எழுபது பேர் நினைவாக அங்கே ஒரு தீப்பாய்ந்த மண்டபம் உண்டு. பக்கத்துக் கோயிலில் இருக்கும் சிவனின் பெயர் சாட்சி பூதேஸ்வரர். இந்தக் கதை நடந்த ஊரில் கடவுளுக்கே சாட்சி என்று பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது அந்தச் சபைக்குள் போய் நின்று மூன்று தரப்பையும் கேட்போம்.

வணிகன் சொன்னது உண்மை. அவள் பேய்தான். அவன் மனைவி இல்லைதான். அந்தப் பிள்ளை அவன் பிள்ளை இல்லைதான். இந்தப் பிறவியில் அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நீலி சொன்னதில் ஒவ்வொரு வரியும் பொய். ஆனால் வழக்கு உண்மை. இவன் என்னை நம்பவைத்தான், கைவிட்டான், இவன் கையில் ஆயுதம் இருந்தால் என்னைக் கொல்வான். இந்த மூன்றும் அவளுக்கு நடந்தவை. நடந்த பிறவி மட்டும் வேறு.

எழுபது பேர் செய்ததிலும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரையும் கேட்டார்கள். சாட்சியம் பார்த்தார்கள். கையில் ஆயுதத்தோடு ஓர் ஆண், கையில் குழந்தையோடு ஒரு பெண், 'கொன்றுவிடுவார்' என்கிறாள். ஆயுதத்தை வாங்கி வைத்தார்கள். இன்றைக்கும் ஒரு நல்ல அதிகாரி அதைத்தான் செய்வார்.

மூவரும் சரி. ஆனாலும் எழுபத்தோரு பிணம். பேய்க்கதைக்கு இவ்வளவு கறாரான கட்டுமானம் வாய்ப்பது அபூர்வம். நிறையப் பேய்ப் படங்களில் கடைசி அரைமணியில் ஒரு ஃபிளாஷ்பேக் வரும், பேய் பக்கம் நியாயம் என்று தெரியும், வில்லன் சாவான், நாம் நிம்மதியாக வெளியே வருவோம். நீலி கதையில் அந்த நிம்மதி கிடையாது. பழிவாங்கல் முடிந்தபிறகுதான் கதையின் பாரமே ஏறுகிறது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், அந்தப் பாஷையில் ஒன்று சொல்கிறேன். சர்வர் லாக்கை எந்தக் கம்பெனியும் காலத்துக்கும் வைத்திருக்காது. குறிப்பிட்ட நாள் தாண்டினால் அழித்துவிடும். அதற்குமுன் ஒரு கோளாறு நடந்திருந்தால், அது நடக்கவில்லை என்று அர்த்தமா? இல்லை. நடந்தது, ஆனால் காட்ட முடியாது. நீலியின் லாக் போன ஜென்மத்தோடு அழிந்துவிட்டது. காட்டக்கூடிய எதுவும் அவளிடம் இல்லை. ஆகவே காட்டக்கூடிய ஒன்றைச் செய்துகொண்டு வருகிறாள். குழந்தை என்பது அதுதான். உண்மையான வழக்குக்குப் பொய்யான ஆதாரம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில் ஒரு பெண் தன் மேலாளர்மீது புகார் கொடுத்தாள். டீ குடிக்கும் இடத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. இரண்டே கேள்விதான். 'ஸ்கிரீன்ஷாட் இருக்கா?' 'இத்தனை மாசம் ஏன் சும்மா இருந்தாங்க?' பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே, 'எல்லாம் நீலிக்கண்ணீர் ஜி' என்றார். நீலி யார் என்று கேட்டேன். 'ஏதோ பேய்' என்றார். சில வாரங்களில், போதிய ஆதாரம் இல்லை என்று புகார் மூடப்பட்டது. அவள் வேலையை விட்டுப் போனாள். விசாரித்த குழுவில் இருந்த யாருக்கும் அந்த முடிவால் ஒரு நகம்கூட உடையவில்லை.

பழையனூரில் அப்படியில்லை. அங்கே தீர்ப்புச் சொன்னவர்கள் தங்கள் உயிரைத் தீர்ப்புக்கு ஈடாக வைத்துவிட்டுத்தான் சொன்னார்கள். சிலப்பதிகாரத்திலும் இதே கணக்குதான். பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் நம்பிய பாண்டியன், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அரியணையிலேயே உயிரை விடுகிறான். அவன் விசாரிக்காமல் தவறியவன். இந்த எழுபது பேர் விசாரித்தும் தவறியவர்கள். இரண்டு கதையிலும் நீதி சொன்னவன் கணக்குத் தீர்க்கிறான். சிலப்பதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. கோவலன் ஏன் செத்தான் என்பதற்கு மதுராபதித் தெய்வம் ஒரு முற்பிறவிக் கதை சொல்கிறது: பொய்க் குற்றச்சாட்டில் கணவனைப் பறிகொடுத்த ஒரு வணிகன் மனைவி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு, மலையிலிருந்து விழுந்து சாகிறாள். அவள் பெயரும் நீலி. யாரும் கேட்காத வழக்கு அடுத்த பிறவிக்குத் தாண்டும் என்பதற்குத் தமிழ் கொடுத்திருக்கும் பெயர் போல இருக்கிறது அது.

*

திருவாலங்காட்டுக்கு இன்னொரு பேய் உண்டு. காரைக்கால் அம்மையார். அவர் தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்டவர். ஆலங்காட்டுச் சுடுகாட்டில் சிவன் ஆடுவதைப் பாடியவர். இந்த இரண்டு பேய்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும்: இரண்டும் ஏறக்குறைய ஒரே கதை.

பெரியபுராணப்படி அம்மையாரின் கணவன் பரமதத்தனும் வணிகன். மாம்பழம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். இறைவன் கொடுத்தது என்கிறாள். அப்படியானால் இன்னொன்று வாங்கிக் காட்டு என்கிறான். ஆதாரம் கேட்கிறான். அவள் வாங்கித் தருகிறாள். அது அவன் கைக்கு வந்ததும் மறைந்துவிடுகிறது. ஆதாரமே மறைந்துபோகிறது, ஆனால் அவன் நம்பிவிடுகிறான். பயந்து கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்கு அவள் பெயரையே வைக்கிறான். உறவினர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு அவன் இருக்கும் ஊருக்கு வருகிறார்கள். ஊரார் முன்னால் அவன் மனைவி மகளோடு அவள் காலில் விழுகிறான். ஏன் என்று கேட்டால் சொல்கிறான்: இவர் மானுடப் பெண் இல்லை.

நீலியின் வணிகனும் ஊரார் முன்னால் அதே வாக்கியத்தைத்தான் சொன்னான். இவள் மனுஷி இல்லை. ஒருவன் சொன்னபோது அவள் தெய்வமானாள். இன்னொருவன் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இரண்டிலும் கணவன் விட்டுவிட்டுப் போகிறான், இரண்டிலும் பெண் இன்னோர் ஊருக்கு அவனைத் தேடி வருகிறாள், இரண்டிலும் நடுவே ஒரு குழந்தை நிற்கிறது. அம்மையார் உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறார். நீலிக்குப் பேய் வடிவம் ஒரு கொலையால் வருகிறது. ஒருத்திக்குப் பதிகம் கிடைத்தது, ஒருத்திக்கு வசைச்சொல் கிடைத்தது. திருவாலங்காடு என்ற ஓர் ஊருக்குள் இந்த இரண்டையும் வைத்திருக்கும் மரபு சாதாரணமானது இல்லை. பெண் ஏன் பேயாகிறாள் என்று அது இரண்டு முறை யோசித்திருக்கிறது.

*

எழுத்தில் நீலி என்ன ஆனாள் என்று பார்த்தால், அந்த வசைச்சொல் எப்படி உருவாகியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஆலங்காட்டுக்கு வருகிறார். அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்கத் தயங்கி ஊருக்கு வெளியே இரவு தங்குகிறார் என்கிறது பெரியபுராணம். கனவில் சிவன் வந்து பாடச் சொல்ல, ஒரு பதிகம் பாடுகிறார். முதல் பாட்டிலேயே நீலி வந்துவிடுகிறாள், பெயர் இல்லாமல். ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்ட விதத்தைக் கேட்டு அஞ்சும் பழையனூர் என்கிற பொருளில். பாருங்கள், அங்கேயே வஞ்சம் அவள் பக்கம் போய்விட்டது. அவளுக்குச் செய்யப்பட்ட வஞ்சம் பாட்டில் இல்லை. ஊருக்குப் பெயர் இருக்கிறது, அவள் வெறும் 'ஒருத்தி'. பிறகு சேக்கிழாரின் வரலாற்றைப் பாடும் உமாபதி சிவம், வேளாளர் பெருமை சொல்லும் இடத்தில் இந்தக் கதையை எடுத்துக்கொள்கிறார். அங்கே நீலி செய்தது வஞ்சனை, எழுபது பேர் காத்தது வாய்மை. எழுபது பேரின் பெருமையில் எனக்கு மறுப்பு இல்லை. அவர்கள் பெருமை வளர வளர அவள் பொய்யும் சேர்ந்து வளர வேண்டியிருக்கிறது, அதுதான் சிக்கல்.

சமணர்கள் வேறு ஒன்று செய்தார்கள். ஏறக்குறையப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் 'நீலகேசி'யில், பலிக்கு ஆடு வரவிடாமல் தடுத்த முனிச்சந்திரர் என்ற துறவியை விரட்ட, காளி தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்துகிறாள், அழகியாக வந்து மயக்குகிறாள். முனிவர் அசையவில்லை. கடைசியில் அவரிடம் அறம் கேட்டு மாறுகிறாள். அதன்பின் ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் என்று எல்லோரிடமும் வாதம் செய்து வெல்கிறாள். பேயைத் தர்க்கவாதியாக்கிய இந்தத் துணிச்சலுக்காகவே அந்த நூலை எனக்குப் பிடிக்கும். 1936இல் அ. சக்கரவர்த்தி அதை உரையோடு பதிப்பித்தார். பேய்க்கதை என்று நினைத்து எடுத்தால் தத்துவப் பாடம் நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் முதலில் வாதம் செய்வது பௌத்தக் குண்டலகேசியோடு. குண்டலகேசி யார்? கணவன் நகைக்காக மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளப் பார்த்தபோது, அவனை வலம்வருவதுபோல் பின்னால் போய் அவனையே தள்ளிவிட்டுப் பிழைத்தவள். இங்கே நீலி, கணவனால் கொல்லப்பட்டவளாக ஊர் அறிந்தவள். இப்படிப்பட்ட இரண்டு பெண்கள் தமிழ்க் காப்பியத்தில் நேருக்கு நேர் நிற்கிறார்கள், கொள்கை பேசுகிறார்கள். ஒருத்தி தோற்று ஊரைவிட்டுப் போகிறாள். எனக்கு ஒவ்வொரு முறையும் இந்த இடம் உறுத்தும். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொள்கையைவிடப் பெரிது. சைவர்கள் நீலியின் காயத்தை மறைத்தார்கள் என்றால், சமணர்கள் அதைக் கடந்து போகச் சொன்னார்கள். காயத்தை விட்டால்தான் அவளுக்குப் பேச இடம் கிடைத்தது.

*

காயத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் தெற்கே வில்லுப்பாட்டுக்காரர்கள். நாஞ்சில் நாட்டில் அவள் வெறும் பேய் இல்லை, இசக்கி. படையல் வாங்கும் தெய்வம். அங்கே பாடும் கதையில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. என் வாசிப்பில் மொத்தக் கதையும் அதில்தான் திரும்புகிறது.

காட்டில் அவன் கல்லைத் தூக்கும்போது அங்கே மனிதர் யாரும் இல்லை. ஒரு கள்ளிச்செடி மட்டும் நிற்கிறது. சாகும் பெண் அந்தக் கள்ளியைச் சாட்சி வைக்கிறாள். பின்னால் அவள் பழையனூர் வரும்போது இடுப்பில் இருப்பது எது? கள்ளிக் கிளை.

மேலே நான் பொய்யான ஆதாரம் என்று எழுதினேன், சபையின் கண்ணில் அது அப்படித்தான். பாட்டின் கண்ணில் அந்தக் குழந்தை, கொலையைப் பார்த்த ஒரே சாட்சி. பேச வராத சாட்சியை அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். செடியாகவே கொண்டுவந்து வைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? சபைக்குப் புரியும் உருவத்தில், அதாவது பிள்ளையாக, கொண்டுவந்தாள். அது நேராகப் போய்க் கொலைகாரனை அடையாளம் காட்டியது. அப்பா என்று காட்டியது என ஊர் புரிந்துகொண்டது. ஊருக்கு அதற்குமேல் பாஷை தெரியவில்லை.

இதை ஏதோ ஒரு கவிஞர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தால் நாம் கொண்டாடியிருப்போம். கோயில் கொடையில் விடிய விடிய நின்று பாடியவர்கள் செய்ததால் அது நாட்டார் வழக்காறு என்ற அலமாரிக்குள் போய்விட்டது.

*

2025 ஆகஸ்டில் டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' மலையாளப் படம் வந்தது. கள்ளியங்காட்டு நீலி அதில் சூப்பர்ஹீரோ. கல்யாணி பிரியதர்ஷன் சண்டையெல்லாம் நன்றாகப் போட்டார், நானும் விசில் சத்தத்துக்கு நடுவேதான் பார்த்தேன். படம் நீலியின் காயத்தை மாற்றிவிடுகிறது: கொன்றவன் கணவன் இல்லை, அவள் மக்களை அழித்த அரசன். ஒவ்வொரு காலமும் தன் கோபத்துக்கு ஏற்ற எதிரியை நீலிக்குக் கொடுக்கும், அதில் தவறில்லை. படத்தில் எனக்குக் குறையாகப் பட்டது வேறு. அங்கே நீலியை நாம் முதலிலிருந்தே நம்புகிறோம். அவள் யாரிடமும் முறையிட வேண்டியதில்லை, அடித்தால் போதும். எழுபது பேருக்கு வேலை இல்லை. அவள் ஜெயிப்பதைப் பார்த்துக் கைதட்டும் ஆட்களாக நாம் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய கதை நம்மை அங்கே உட்காரவிடாது. அது நம்மைச் சபையில் உட்கார வைக்கும். முன்னால் அழுதுகொண்டு ஒரு பெண், வியர்த்துக்கொண்டு ஓர் ஆண். போன பிறவி நமக்குத் தெரியாது. நேரம் இல்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும், நம்பினால் அதற்கு விலை உண்டு. எழுபது பேரில் ஒருவர் அன்று வயலில் உழுதுகொண்டிருந்தார், செய்தி கேட்டதும் அங்கேயே கலப்பையின் கொழுமுனையில் பாய்ந்து உயிரை விட்டார் என்று சொல்வார்கள். தப்பிக்க அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது, அந்தப் பக்கமே போயிருக்க வேண்டாம்.

நீலிக்கண்ணீர் என்ற சொல்லைத் தடைசெய்யச் சொல்லவில்லை, மொழியில் அப்படியெல்லாம் செய்ய முடியாது. சொல்பவர் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு சொன்னால் போதும். அவள் கண்ணீர் பொய் என்று சொல்ல அந்தச் சபையில் ஒரே ஒருவனுக்குத்தான் தேவை இருந்தது. அவன்தான் அவளைக் கொன்றவன். எழுபது பேர் அவளை நம்பினார்கள், நம்பியதற்காகச் செத்தார்கள், சாகும்போதும் அவள்மீது அவர்கள் வழக்குப் போட்டதாகக் கதையில் எங்கும் இல்லை. வழக்குப் போட்டது பின்னால் வந்த நாம்.